அவை கேட்ட கணக்கு – 9: பின்வரிசையில் பிறந்த சட்டம்

சென்ற வாரம், 1948 ஆகஸ்டில் ஆர். கே. சண்முகம் செட்டியார் நிதியமைச்சர் பதவியை விட்டு விலகியதோடு நிறுத்தியிருந்தோம். பத்தாண்டுகள் நிறைவதற்குள் இன்னொரு நிதியமைச்சர் விலக நேர்ந்தது. அவரும் தமிழ்நாட்டுக்காரர்தான்: டி. டி. கிருஷ்ணமாச்சாரி. அவரைப் பதவியிலிருந்து இறக்கியது எதிர்க்கட்சி அல்ல. ஆளும் காங்கிரஸின் பின்வரிசையில் உட்கார்ந்திருந்த ரேபரேலி உறுப்பினர் ஃபெரோஸ் காந்தி.

ஃபெரோஸ் காந்தி என்றதும் நம் ஊரில் முதலில் நினைவுக்கு வருவது அவருடைய குடும்பம். நேருவின் மருமகன், இந்திராவின் கணவர், ராஜீவின் தந்தை. அந்த உறவுகளைப் பற்றி எழுதிக் குவித்தவர்கள், அவர் நாடாளுமன்றத்தில் செய்த வேலையைப் பற்றி ஒரு பத்தி எழுதிவிட்டு நகர்ந்துவிட்டார்கள். அந்த ஒரு பத்தியும் முந்த்ரா ஊழலோடு முடிந்துவிடும். முந்த்ரா விவகாரம் பெரியதுதான். ஆனால் அதைவிடப் பெரிய வேலை ஒன்றை அவர் அதற்கு ஒன்றரை ஆண்டுக்கு முன்பே செய்து முடித்திருந்தார் என்பது என் கருத்து. அச்சிட்டால் ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும் சட்டம் அது. அதிலிருந்து தொடங்கினால்தான் முந்த்ரா கதையும் முழுதாகப் புரியும்.

1952 தேர்தலில் மக்களவைக்கு வந்த ஃபெரோஸ், முதல் மூன்று ஆண்டுகளில் குறிப்பிடும்படி எதுவும் பேசவில்லை. பிரதமரின் மருமகன் பேசாமல் இருப்பதுதான் அழகு என்று சுற்றியிருந்தவர்கள் நினைத்திருக்கக்கூடும். 1955 டிசம்பர் 6 அன்று காப்பீட்டுச் சட்டத் திருத்த மசோதா விவாதத்துக்கு வந்தபோது அவர் எழுந்தார். பாரத் இன்சூரன்ஸ் கம்பெனியின் கணக்குகளை அவையின் முன் விரித்தார். ராம்கிருஷ்ண டால்மியாவின் பிடியில் இருந்த கம்பெனி அது. பாலிசிதாரர்கள் கட்டிய பிரீமியம் எந்தெந்தக் கம்பெனி வழியாக எங்கே போனது, பங்குச் சந்தைச் சூதாட்டத்தில் வந்த நஷ்டத்தை யாருடைய பணம் அடைத்தது என்று ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்துக் காட்டினார். ஆவேசப் பேச்சு அல்ல, கணக்குப்பிள்ளையின் பேச்சு. டால்மியா மீது வழக்கு நடந்து, இரண்டாண்டுச் சிறைத் தண்டனையை 1962இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

அந்த உரைக்குப் பிறகு ஏழு வாரம்கூட ஆகவில்லை. 1956 ஜனவரி 19 இரவு நிதியமைச்சர் சி. டி. தேஷ்முக் வானொலியில் பேசினார். ஆயுள் காப்பீட்டுத் தொழிலை அரசே அவசரச் சட்டத்தின் மூலம் எடுத்துக்கொள்கிறது என்று அறிவித்தார். 245 காப்பீட்டு நிறுவனங்களும் சேமநிதிச் சங்கங்களும் ஒன்றாக்கப்பட்டு, அதே ஆண்டு செப்டம்பர் 1 அன்று ஆயுள் காப்பீட்டுக் கழகம் பிறந்தது. இன்று எல்.ஐ.சி. என்று வீட்டுக்கு வீடு தெரிந்த அந்த நிறுவனம் பிறக்க ஃபெரோஸின் பேச்சு மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் தூண்டிய காரணங்களில் அதுவும் ஒன்று.

இப்போது சட்டத்துக்கு வருவோம். டால்மியாவைப் பற்றி மக்களவைக்குள் எவ்வளவு கடுமையாகப் பேசினாலும் ஃபெரோஸ் மீது யாரும் வழக்குப் போட முடியாது. அரசியலமைப்பின் 105ஆம் பிரிவு உறுப்பினருக்கு அந்தப் பாதுகாப்பைத் தருகிறது. அவையின் அதிகாரத்தின் பேரில் வெளியாகும் அதிகாரப்பூர்வ அறிக்கைக்கும் அதே பாதுகாப்பு உண்டு. பத்திரிகை? மறுநாள் காலை அந்தப் பேச்சை அப்படியே அச்சிடும் நாளிதழுக்கு 105 எந்தப் பாதுகாப்பும் தரவில்லை. 1860இன் இந்திய தண்டனைச் சட்டத்தைப் பார்த்தால் இந்த ஓட்டை இன்னும் தெளிவாகத் தெரியும். அவதூறு பற்றிய 499ஆம் பிரிவுக்கு இருந்த விதிவிலக்குகளில் ஒன்று, நீதிமன்ற நடவடிக்கைகளைப் பெருமளவு உண்மையாக வெளியிடுவதைக் குற்றம் ஆகாது என்றது. சட்டமன்ற, நாடாளுமன்ற நடவடிக்கைகளை வெளியிடுவதற்கு அப்படி ஒரு விதிவிலக்கு அதில் இருக்கவில்லை. ஆங்கிலேயர் அந்தச் சட்டத்தை எழுதிய காலத்தில் இந்தியாவில் நாடாளுமன்றமே கிடையாது. குடியரசு வந்த பிறகும் அந்த இடத்தை யாரும் நிரப்பவில்லை.

இங்கிலாந்தில் இந்தக் கேள்வி 1868லேயே தீர்ந்துவிட்டது. லண்டன் டைம்ஸ் மீது வேசன் என்பவர் தொடுத்த வழக்கில், நாடாளுமன்ற விவாதத்தை நேர்மையாக வெளியிடும் பத்திரிகைக்குப் பாதுகாப்பு உண்டு என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மக்களுக்காகச் சட்டமியற்றும் மன்றத்தில் என்ன நடக்கிறது என்று மக்கள் தெரிந்துகொள்வது அவர்களின் நலனுக்கு அவசியம் என்பதுதான் அதன் அடிப்படை. அன்றைய இந்தியப் பத்திரிகை ஆசிரியருக்கோ அப்படி ஊன்றிக்கொள்ள எழுத்தில் ஒரு வரி கிடையாது. பெரும் பணக்காரர் ஒருவரின் பெயர் அவையில் அடிபட்டால், ஆசிரியர் வக்கீலைக் கேட்டுவிட்டுத்தான் பெயரை அச்சில் ஏற்ற வேண்டியிருந்தது. டால்மியாவோ 1946இல் டைம்ஸ் ஆஃப் இந்தியாவை வெளியிடும் பென்னட் கோல்மன் நிறுவனத்தையே விலைக்கு வாங்கியவர். பணமும் அச்சகமும் ஒரே கையில் சேர்ந்துவிட்டால், அவையில் கிளம்பிய குற்றச்சாட்டு அவையின் சுவரைத் தாண்டுவது எவ்வளவு கடினம் என்று எண்ணிப் பாருங்கள்.

ஃபெரோஸ் லக்னோவில் நேஷனல் ஹெரால்டு நாளிதழின் நிர்வாக இயக்குநராக இருந்தவர். வழக்கு நோட்டீஸ் வந்தால் பத்திரிகை அலுவலகத்தில் என்ன நடக்கும் என்று பட்டறிந்தவர். அவர் கொண்டுவந்தது தனிநபர் மசோதா. அமைச்சராக இல்லாத உறுப்பினர் தாமாகக் கொண்டுவரும் மசோதாவை அப்படிச் சொல்வார்கள். அவற்றில் பெரும்பாலானவை வெள்ளிக்கிழமை மாலை விவாதத்தோடு மறைந்துபோகும். சுதந்திர இந்தியாவில் இதுவரை சட்டமானவை 14தான். 1970க்குப் பிறகு ஒன்றுகூட இல்லை. அந்தப் பதினான்கில் ஒன்றுதான் ஃபெரோஸின் நாடாளுமன்ற நடவடிக்கைகள் வெளியீட்டுப் பாதுகாப்புச் சட்டம், 1956. மே மாதக் கடைசியில் அது சட்டமானது.

சட்டம் சொன்னது இவ்வளவுதான். நாடாளுமன்றத்தின் எந்த அவையின் நடவடிக்கையையும் பெருமளவு உண்மையாக வெளியிடும் செய்தித்தாள் மீது உரிமையியல் வழக்கோ குற்றவியல் வழக்கோ செல்லாது. தீய நோக்கத்தோடு வெளியிட்டதாக மெய்ப்பித்தால் மட்டும் பாதுகாப்பு போய்விடும். வெளியீடு பொது நலனுக்கானதாகவும் இருக்க வேண்டும். வானொலிக்கும் இதே விதி. சொல்லுக்குச் சொல் ஒத்திருக்க வேண்டும் என்று கேட்காமல், பெருமளவு உண்மை என்ற அளவுகோலை வைத்ததில் செய்தியாளரின் தொழில் தெரிந்த கை இருக்கிறது. இரவு பதிப்பு முடிவதற்குள் குறிப்பேட்டிலிருந்து எழுதித் தரும் நிருபருக்கு அந்த இடைவெளி தேவை.

இந்தச் சட்டத்தின் உண்மையான சோதனை அடுத்த ஆண்டே வந்தது.

ஹரிதாஸ் முந்த்ரா கல்கத்தாவின் பங்குச் சந்தைப் பேர்வழி. பழைய வெள்ளைக்காரக் கம்பெனிகளின் பங்குகளை வாங்கிக் குவித்துக் கட்டுப்பாட்டைப் பிடிப்பார். அவற்றைக் காட்டிக் கடன் வாங்கி அடுத்த கம்பெனியைப் பிடிப்பார். 1957இன் நடுவில் கடன்காரர்கள் நெருக்கினார்கள். ஜூன் 21 அன்று நிதித்துறையின் முதன்மைச் செயலர் எச். எம். படேலுக்கு அவர் கடிதம் எழுதினார். நான்கே நாளில், ஜூன் 25க்குள், எல்.ஐ.சி. முந்த்ராவின் ஆறு கம்பெனிகளின் பங்குகளைச் சுமார் ஒன்றேகால் கோடி ரூபாய்க்கு வாங்கி முடித்தது. ரிச்சர்ட்சன் அண்ட் க்ரடாஸ், ஜெஸ்ஸாப், ஸ்மித் ஸ்டானிஸ்ட்ரீட், ஆஸ்லர் லாம்ப்ஸ், ஏஞ்சலோ பிரதர்ஸ், பிரிட்டிஷ் இந்தியா கார்ப்பரேஷன் ஆகியவையே அந்த ஆறு. முதலீட்டுக் குழு என்று ஒன்று எல்.ஐ.சி.யில் இருந்தது. அதைக் கேட்காமலே பணம் போனது. பிறந்து ஓராண்டுகூட நிறையாத நிறுவனம் அது. டால்மியா போன்றவர்களின் கையிலிருந்து பாலிசிதாரர்களின் பணத்தைக் காப்பாற்றுவதற்காக உருவானது. அந்தப் பணமே இப்போது முந்த்ராவைக் காப்பாற்றப் போயிருந்தது. ஃபெரோஸ் இந்த விவகாரத்தை விடாமல் பிடித்துக்கொண்டதன் காரணம் இங்கே இருக்கிறது என்று நினைக்கிறேன். தனியார் கையில் இருந்தபோது கேட்ட கணக்கை, அரசின் கைக்கு வந்த பிறகு கேட்காமல் இருந்தால், முதலில் கேட்டதற்கும் அர்த்தம் இல்லாமல் போகும்.

செப்டம்பரிலிருந்தே அவையில் கேள்விகள் வரத் தொடங்கின. அமைச்சகத்தின் பதில்கள் சுற்றி வளைத்து வந்தன. முதலீடு நடந்ததா, எந்தக் கம்பெனி, என்ன விலை, யார் சொல்லி என்று நான்கு நேர் கேள்விகளுக்கு நான்கு நேர் பதில்கள் கிடைக்க மூன்று மாதம் ஆகியும் போதவில்லை. 1957 டிசம்பர் 16 அன்று ஃபெரோஸ் எழுந்தபோது அவை நிரம்பியிருந்தது. இன்று கடுமையாக அடிப்பேன், திருப்பி அதைவிடக் கடுமையான அடி விழும் என்று தெரிந்தே அடிக்கிறேன் என்ற பொருள்பட அவர் தொடங்கினார். நாடாளுமன்றமே படைத்த மிகப் பெரிய நிதி நிறுவனத்தை நாடாளுமன்றமே கண்காணிக்க வேண்டும் என்பதுதான் அந்த உரையின் முதுகெலும்பு. தேதி, விலை, அன்றைய சந்தை நிலவரம் என அடுக்கிக்கொண்டே போனார். சந்தை விலையைவிட அதிகம் கொடுத்து வாங்கியிருக்கிறார்கள் என்று காட்டினார். அமைச்சருக்கும் செயலருக்கும் இடையே நடந்த கடிதப் போக்குவரத்தும் அவர் கைக்கு எட்டியிருந்தது. நாற்காலியில் இருந்த சபாநாயகர் எம். அனந்தசயனம் ஐயங்கார் அவரைப் பேசவிட்டார். ஆளும் கட்சிப் பெஞ்சுகளிலேயே அவருக்கு ஆதரவு எழுந்தது. அன்றைய விவாதத்தின் போக்கைப் பார்த்து விசாரணைக்கு டி. டி. கே. உடன்பட்டார்.

மறுநாள் நாளிதழ்களில் பேச்சு முழுமையாக வந்தது. முந்த்ராவின் பெயரும் வந்தது, ஆறு கம்பெனிகளின் பெயரும் வந்தது, தொகையும் வந்தது. இரண்டாண்டுக்கு முன்பு இதே அளவுக்கு எழுதத் துணிந்திருப்பார்களா என்ற கேள்வியை நான் பலமுறை எனக்குள் கேட்டிருக்கிறேன். மேடையில் பேசியிருந்தால் அவதூறு வழக்குக்கு இடம் தரக்கூடிய ஒவ்வொரு வரியையும், அவையில் பேசியதால் அச்சிட முடிந்தது. பம்பாயிலும் சென்னையிலும் பாலிசி வைத்திருந்த குமாஸ்தாக்களும் பள்ளி ஆசிரியர்களும் தங்கள் பணம் எங்கே போனது என்று காலைப் பத்திரிகையில் படித்தார்கள்.

1958 ஜனவரியில் பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி எம். சி. சாக்ளாவை ஒரு நபர் ஆணையமாக நியமித்தார்கள். அவர் விசாரணையைக் கதவடைத்து நடத்த மறுத்தார். கூட்டம் தாங்காமல் வெளியே ஒலிபெருக்கி கட்டினார்கள். மத்திய அமைச்சர் ஒருவர் சாட்சிக் கூண்டில் நின்று குறுக்கு விசாரணைக்குப் பதில் சொன்னதை மக்கள் நேரடியாகக் கேட்டார்கள். அட்டர்னி ஜெனரல் செதல்வாட் ஆணையத்துக்கு உதவினார். கல்கத்தா பங்குச் சந்தையைத் தாங்கிப் பிடிக்கவே இந்த முதலீடு என்று சொல்லப்பட்டது. ரிசர்வ் வங்கி ஆளுநர் எச். வி. ஆர். ஐயங்காரும் ஸ்டேட் வங்கித் தலைவர் பி. சி. பட்டாச்சார்யாவும் அளித்த சாட்சியம் அந்த வாதத்துக்குத் துணை நிற்கவில்லை. அமைச்சரின் சம்மதத்தோடுதான் செய்தேன் என்றார் படேல். நான் ஒப்புதல் தரவில்லை என்றார் டி. டி. கே. எல்.ஐ.சி. தலைவர் ஜி. ஆர். காமத்தும் நிர்வாக இயக்குநர் எல். எஸ். வைத்தியநாதனும், அரசின் உத்தரவு என்று நினைத்தே வாங்கினோம் என்றார்கள்.

எல்.ஐ.சி. சட்டத்தின் 21ஆம் பிரிவு இங்கேதான் முக்கியமாகிறது. பொது நலன் சார்ந்த கொள்கை விஷயங்களில் மத்திய அரசு கழகத்துக்கு வழிகாட்டலாம். ஆனால் அது எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. முந்த்ரா பங்குகளுக்கு எழுத்து மூலமான ஆணை எதுவும் இல்லை. வாய்ச்சொல்லில் ஒன்றேகால் கோடி நகர்ந்திருக்கிறது. எழுத்தில் இருந்தால் நாடாளுமன்றம் அந்தத் தாளைக் கேட்டு வாங்கிப் பார்க்க முடியும். வாய்ச்சொல்லை எங்கே தேடுவது?

பிப்ரவரி 10 அன்று சாக்ளா அறிக்கையைக் கொடுத்துவிட்டார். ஒரு மாதத்துக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில் ஓர் ஆணையம் வேலையை முடித்தது என்பதை இன்று நம்புவதே கடினம். தன் செயலரின் செயலுக்கு அமைச்சரே அரசியலமைப்பின்படி பொறுப்பு, கீழே இருப்பவரைக் காட்டிவிட்டு அமைச்சர் ஒதுங்க முடியாது என்பது அறிக்கையின் மையக் கருத்து. தன்னாட்சி பெற்ற கழகங்களின் அன்றாட வேலையில் அரசு தலையிடக் கூடாது, பாலிசிதாரர்களின் பணத்தை அவர்களின் நலனுக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்றும் அவர் எழுதினார். அதே மாதம் டி. டி. கே. விலகினார்.

டி. டி. கிருஷ்ணமாச்சாரிக்கும் நியாயம் செய்ய வேண்டும். முந்த்ராவிடமிருந்து அவர் ஒரு காசு பெற்றதாக யாரும் நிறுவியதில்லை. அரசியலமைப்பின் வரைவுக் குழுவில் இருந்தவர் அவர். குழுவின் பாரம் முழுவதும் அம்பேத்கர் ஒருவர் தோளிலேயே விழுந்தது என்று அரசியல் நிர்ணய சபையில் 1948இல் வெளிப்படையாகச் சொன்ன பெருந்தன்மையும் அவருடையது. அமைச்சரவை மக்களவைக்குக் கூட்டாகப் பொறுப்பு என்று சொல்லும் 75ஆம் பிரிவு அந்தக் குழுவின் கையெழுத்தில் பிறந்தது. அதன் எடை என்ன என்பதை அவரே சுமந்து காட்ட வேண்டி வந்தது. 1962இல் அமைச்சரவைக்குத் திரும்பி, மீண்டும் நிதியமைச்சரானார். படேலும் பின்னாளில், 1977இல், ஜனதா அரசில் நிதியமைச்சர் ஆனார். முந்த்ரா சிறைக்குப் போனார்.

ஃபெரோஸ் அதோடு ஓயவில்லை. ரயில்வேக்கு டாட்டாக்களின் டெல்கோ விற்ற எஞ்சின்களின் விலையைக் கேள்வி கேட்டார். டாட்டாக்கள் அவரைப் போலவே பார்சிகள். சொந்தச் சமூகத்தில் கசப்பு வரும் என்று தெரிந்தும் கேட்டார். நாடாளுமன்ற மைய மண்டபத்தில் அவர் உட்காரும் மூலைக்கே ஃபெரோஸ் காந்தி மூலை என்று பெயர் விழுந்தது. செய்தியாளர்களும் எல்லாக் கட்சி உறுப்பினர்களும் அங்கே கூடுவார்கள். 1959இல் கேரளத்தில் நம்பூதிரிபாடின் அரசைக் கலைக்கும் பேச்சு எழுந்தபோது காங்கிரஸ் தலைவராக இருந்தவர் இந்திரா காந்தி. மக்கள் தேர்ந்தெடுத்த அரசை 356ஆம் பிரிவால் வீழ்த்துவதை ஃபெரோஸ் கட்சிக்குள்ளேயே எதிர்த்தார். ஜூலை 31 அன்று அரசு கலைக்கப்பட்டது. அடுத்த ஆண்டு செப்டம்பர் 8 அன்று, நாற்பத்தெட்டாவது பிறந்த நாளுக்கு நான்கு நாள் இருக்கும்போது, மாரடைப்பு அவரைக் கொண்டுபோனது.

அவருடைய சட்டத்தின் வரலாறு அவரோடு முடியவில்லை. நெருக்கடி நிலை அமலில் இருந்தபோது, 1975 டிசம்பர் 8 அன்று, இந்திரா காந்தியின் அரசு ஒரே நாளில் மூன்று அவசரச் சட்டங்களைப் பிறப்பித்தது. ஒன்று ஆட்சேபகரமான செய்திகளைத் தடுப்பது. ஒன்று பத்திரிகை மன்றத்தை ஒழிப்பது. மூன்றாவது, ஃபெரோஸின் 1956ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்குவது. அதற்கு முன்பே, அந்த ஆண்டு ஜூலைக் கூட்டத் தொடரில், கேள்வி நேரமே நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. அவையில் யாராவது துணிந்து பேசினாலும் தணிக்கை அதை வெளியே விடவில்லை. தணிக்கை என்றாவது போகும். ஆனால் தணிக்கை போன பிறகும் பத்திரிகை பயப்பட வேண்டும் என்பதற்காகவே அந்த மூன்றாவது அவசரச் சட்டம். சிறைகளில் ஆயிரக்கணக்கானோர் இருந்த ஒரு காலத்தில், ஒரு பக்கச் சட்டத்தை நீக்க அரசுக்கு நேரம் இருந்தது. அந்தப் பக்கத்தின் வலிமையை அதை எழுதியவரின் குடும்பத்தை விட நன்றாக அறிந்தவர் யார்?

1977இல் ஜனதா ஆட்சி வந்ததும் முதலில் செய்த வேலைகளில் ஒன்று அந்தச் சட்டத்தைத் திரும்பக் கொண்டுவந்தது. சாதாரணச் சட்டமாக மட்டும் இருந்தால் இன்னொரு அரசு அதை மறுபடி ஒரு நாளில் துடைத்துவிடும் என்பதையும் உணர்ந்திருந்தார்கள். ஆகவே 44ஆவது திருத்தத்தின் மூலம் அரசியலமைப்புக்குள்ளேயே 361அ என்ற புதிய பிரிவைச் சேர்த்தார்கள். 1979 ஜூன் 20 முதல் அது அமலில் இருக்கிறது. ஃபெரோஸின் சட்டம் நாடாளுமன்றத்துக்கு மட்டும்தான் பொருந்தியது. 361அ மாநிலச் சட்டமன்றங்களையும் சேர்த்துக்கொண்டது. சென்னைக் கோட்டையில் நடக்கும் விவாதத்தை மறுநாள் நம் நாளிதழ்கள் அஞ்சாமல் வெளியிட அரசியலமைப்பே துணை நிற்பது அன்று முதல்தான். அவையின் இரகசிய அமர்வுகளுக்கு மட்டும் அந்தப் பாதுகாப்பு கிடையாது.

அவையில் நடந்ததை உள்ளபடி சொல்வதற்குத்தான் இந்தப் பாதுகாப்பு. அவையைப் பற்றிக் கருத்துச் சொல்வது, கேலிச் சித்திரம் போடுவது வேறு கணக்கு. அங்கே 194ஆம் பிரிவின் அவை உரிமை குறுக்கே வரும். 1987இல் தமிழ்நாடு சட்டமன்றம் ஓர் அட்டைப்பட நகைச்சுவைக்காக ஆனந்த விகடன் ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்கு மூன்று மாதக் கடுங்காவல் விதித்தது. அந்த வழக்கை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)